லேசர் செத்துப்போச்சா? உள்ளே எட்டிப் பார்க்காதீங்க பாஸ்!



இந்த வாரக் கடிதம் கீழவாஞ்சூரிலிருந்து. (வாஞ்சூர்னதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்னு தெரியும். நான் சொல்றது அந்தக் கடைகளை இல்லை, காரைக்கால் துறைமுகம் இருக்கிற ஊரை!) பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி, ஃபைனல் இயர் புராஜெக்ட்டா வீட்டு கேட்டுக்கு லேசர் அலாரம் செய்றார். ஒரு தூணில் லேசர் மாட்யூல், எதிர்த் தூணில் எல்.டி.ஆர். யாராவது குறுக்கே வந்தா பஸ்ஸர் கத்தணும். ஐடியா ஓகே. ஆனா, '9 வோல்ட் பேட்டரியில கொடுத்தேன். மூணு மாட்யூலும் போச்சு. எரியுதான்னு லென்ஸுக்குள்ளே எட்டிப் பார்த்தா மங்கலா சிவப்பு தெரியுது. என்ன தப்பு?'ன்னு கேட்டிருக்கார்.

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. தம்பி, மாட்யூல் கிடக்கட்டும், முதல்ல அந்த எட்டிப் பார்க்கிற வேலையை விடுங்க!

நீங்க வாங்கினது 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் சிவப்பு லேசரா இருக்கும். 5 மில்லிவாட் கேட்க ஜுஜுபி. ஆனா பல்பு வெளிச்சம் மாதிரி அது நாலாபுறமும் சிதறாது. மொத்தமும் ஒரே கோடா வந்து, கண்ணில் இருக்கிற லென்ஸ் அதை விழித்திரையில ஊசிமுனை அளவுக்குக் குவிச்சிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டாலும் 'ஆ'ன்னு கத்தத் தோணாது. தானா இமை மூட சுமார் 0.25 செகண்ட் ஆகும். 1 மில்லிவாட் வரைக்கும் அது காப்பாத்தும்னு கணக்கு. அதுக்கு மேலே நம்பக்கூடாது. லேபிளையும் நம்பாதீங்க. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 122 லேசர் பாயின்டர்களைச் சோதிச்சு 2013-ல் வெளியிட்ட முடிவுப்படி, சிவப்பில் சுமார் 44 சதவீதம் பாதுகாப்பு விதியை மீறியிருந்தது. பச்சையில கிட்டத்தட்ட 90! பார்வையில நகராத புள்ளி ஏதாவது தெரிஞ்சா, புராஜெக்ட்டை மூட்டை கட்டிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்க.

சரி, மூணும் ஏன் செத்துச்சு? லேசர் டயோடை எல்.இ.டி.யோட அண்ணன்னு நினைச்சுட்டீங்க. பழக்கம் வேற. ஒரு குறிப்பிட்ட கரண்ட் வரைக்கும் அது எல்.இ.டி. மாதிரி மங்கலாத்தான் மினுக்கும். அந்த வாசலைத் தாண்டினதும் சட்டுன்னு லேசரா மாறும். அதுக்கப்புறம் கொஞ்சம் கூடினாலும் வெளிச்சம் எகிறும். இன்னும் கூடினா டயோடின் முனையில இருக்கிற கண்ணாடி மாதிரியான பரப்பு நொடியில கருகிடும். கருகின டயோடு திரும்ப எல்.இ.டி. ஆயிடும். நீங்க பார்த்த மங்கல் சிவப்பு அதுதான்! 3 முதல் 5 வோல்ட்டுக்குச் செஞ்ச மாட்யூலுக்கு 9 வோல்ட் கொடுத்தா வேறென்ன நடக்கும்? (1962-ல் ராபர்ட் ஹால் முதல் டயோடு லேசரை ஓட்டினப்போ, திரவ நைட்ரஜன்ல குளிரவெச்சு, விட்டு விட்டுத்தான் கரண்ட் கொடுத்தார். பொறந்ததுல இருந்தே செல்லப் பிள்ளை!)

அடுத்த மாட்யூலுக்கு இப்படிச் செய்ங்க. 5 வோல்ட் யு.எஸ்.பி. சார்ஜர் போதும். வரிசையில ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர். டயோடு சுமார் 2.2 வோல்ட் எடுத்துக்கும். மீதி 2.8 வோல்ட்டை 220-ஆல வகுத்தா 13 மில்லிஆம்பியருக்கு மேலே போக வழியில்லை. மங்கலா மினுக்கினா சந்தோஷம், கனெக்ஷன் சரி. அப்புறம் 100 ஓம் போடுங்க, உச்சம் 28. மாட்யூலுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதனால மீட்டர் இன்னும் கம்மியாத்தான் காட்டும். சுவத்துல புள்ளி பளிச்னு ஆச்சுன்னா அதோட நிறுத்திக்கோங்க.

9 வோல்ட்தான் இருக்குன்னா எல்எம்317 ஐ.சி.யும் 47 ஓமும் சேர்த்துக் கரண்ட் சோர்ஸ் கட்டுங்க, 27 மில்லிஆம்பியர் கிடைக்கும். ஆனா மாட்யூலை முதல்ல சால்டர் பண்ணிட்டு, கடைசியிலதான் ஸ்விட்ச். முதலை கிளிப் கழண்டு திரும்ப ஒட்டுற அந்த ஒரு நொடியில டயோடு காலி. உங்க ஊர் உப்புக் காத்துல கிளிப் வேற சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஸ்விட்ச் போடும் முன்னாடி, வெளிச்சம் எங்கே போய் நிக்கும்னு முடிவு பண்ணிடணும். மாட்யூலை மேஜையில இறுக்குங்க. எதிர்ல கறுப்பு அட்டை வைங்க. வழியில எவர்சில்வர் டம்ளர், வாட்ச், செல்போன் எதுவும் வேண்டாம். எல்லாமே திருப்பி அடிக்கும். இருட்டு ரூம்ல டெஸ்ட் பண்றது சினிமா ஸ்டைலா இருக்கும். ஆனா இருட்டுல கண்மணி விரிஞ்சு கூடுதலா உள்ளே விடும். டியூப் லைட் எரியட்டும். எரியுதான்னு பார்க்கணுமா? அட்டையைப் பாருங்க, லென்ஸை இல்லை. கூலிங் கிளாஸ் இதுக்கு உதவாது.

கேட்ல மாட்டுறப்போ இன்னொரு வில்லங்கம். முழங்கால் உயரம்தானேன்னு வைப்பீங்க. பக்கத்து வீட்டு வாண்டு தவழ்ந்து வந்தா அதுக்குக் கண் உயரமே அதுதான். ராவும் பகலும் எரியுற அலாரத்துக்கு லேசரே வேண்டாம்ங்கிறது என் கட்சி. இன்ஃப்ராரெட் எல்.இ.டி.யை 38 கிலோஹெர்ட்ஸில விட்டு விட்டுத் துடிக்கவெச்சு, எதிர்ல ஒரு டிஎஸ்ஓபி1738 வெச்சா வேலை முடிஞ்சது. வெயிலுக்கும் சாதா எல்.டி.ஆரை விட நல்லாத் தாக்குப்பிடிக்கும். கைடு சார் லேசர்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னா 1 மில்லிவாட்டுக்குக் குறைஞ்சதா வாங்குங்க. எல்.டி.ஆருக்கு அதுவே தாராளம்.

நாலாவது மாட்யூல் கைக்கு வந்ததும் 220 ஓம்ல மீட்டர் எவ்வளவு காட்டுச்சுன்னு எழுதுங்க தம்பி. செத்த மூணையும் தூக்கிப் போடாதீங்க. அந்தப் பித்தளைக் குழாயும் லென்ஸும் அடுத்த வாரம் நமக்கு வேணும்.