பாதி உலகம் வேண்டுமா?

பழைய மின்விளையாட்டுகள் புதிய கருவிகளில் மீண்டும் வெளிவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் தரையில் அமர்ந்து விளையாடியவற்றை இன்று பேருந்திலும் ரயிலிலும் கையடக்கக் கருவியில் விளையாட முடிகிறது. அன்று விளையாடியவர்கள் பழைய நினைவுகளைத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ அதே விளையாட்டை முதன்முறையாகப் பார்க்கிறார்கள். இரு தரப்பினருக்கும் ஏற்றவாறு விளையாட்டை மாற்றியமைக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பழைய விளையாட்டில் இருந்த கடினமான பகுதிகளை எளிமையாக்கலாமா?

“எளிமையாக்கினால்தான் இக்காலப் பிள்ளைகள் விளையாடுவார்கள்” என்பது சிலரின் வாதம். “பழையதைத் தொடவே கூடாது; தொட்டால் அதன் சுவை போய்விடும்” என்பது வேறு சிலரின் வாதம். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், இரு தரப்பினரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கடினம் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. கருவியின் குறைபாட்டால் வந்த கடினம் ஒன்று. கதையின் தேவையால் வந்த கடினம் மற்றொன்று. முதல் வகையைத் தயங்காமல் நீக்கலாம். இரண்டாம் வகையை நீக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஜப்பானில் உருவான ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்றாகும்.

1986ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் தேதி, நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் கருவிக்காக இவ்விளையாட்டு வெளியானது. இதனை வடிவமைத்தவர் யூஜி ஹோரி. அரக்கர்களின் உருவங்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ படக்கதையைப் படைத்த அகிரா தொரியாமா. இசையமைத்தவர் கோயிச்சி சுகியாமா. அமெரிக்காவில் கணினிக்காக உருவாக்கப்பட்ட பாத்திரமேற்பு விளையாட்டுகள் ஹோரியைப் பெரிதும் கவர்ந்திருந்தன. கதையில் வரும் ஒருவராகவே மாறி, அவருக்காக முடிவெடுத்து, சிறிது சிறிதாக வலிமை பெற்று முன்னேறுவதே பாத்திரமேற்பு விளையாட்டு. அக்காலத்து ஜப்பானியப் பிள்ளைகள் பலருக்குத் தாவுவதும் சுடுவதும்தான் மின்விளையாட்டு. விரல் வேகம் இல்லாதவரும் பொறுமை இருந்தால் வெல்லக்கூடிய ஒரு விளையாட்டை ஹோரி அவர்களிடம் கொண்டு வந்தார்.

கதை எளிமையானது. டிராகன் அரசன் என்னும் கொடியவன் நாட்டைக் காத்துவந்த ஒளிக்கோளைப் பறித்துக்கொள்கிறான். இளவரசியும் கடத்தப்படுகிறாள். பழங்காலத்து மாவீரன் ஒருவனின் வழித்தோன்றலான இளைஞன், தனி ஆளாகப் புறப்படுகிறான். அரசரின் கோட்டையை விட்டு வெளியே வந்ததுமே, நீர்ப்பரப்புக்கு அப்பால் டிராகன் அரசனின் கோட்டை கண்ணுக்குத் தெரியும். போகவேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால், அங்குச் செல்லும் வழியைக் கண்டுபிடிப்பதற்கு நாடு முழுவதையும் சுற்றிவர வேண்டும். அதுவே விளையாட்டு.

இத்தனையும் அடங்கியிருந்தது வெறும் 64 கிலோபைட் நினைவகத்தில். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைவிடப் பன்மடங்கு இடம் தேவைப்படுகிறது. இடப் பற்றாக்குறையால், ஜப்பானியரின் கத்தகானா எழுத்துகளில் 20 மட்டுமே இவ்விளையாட்டில் பயன்படுத்தப்பட்டன. கத்தகானாவில் எழுதப்படும் அரக்கர்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் அந்த 20 எழுத்துகளைக் கொண்டே அமைக்க வேண்டியிருந்தது. நண்டு பக்கவாட்டில் நகர்வதைப்போல, எத்திசையில் நடந்தாலும் கதாநாயகன் முன்பக்கம் பார்த்தபடியே நடந்தான். திரும்பி நிற்கும் உருவங்களைச் சேர்த்துவைக்க இடம் போதவில்லை.

இந்தப் பற்றாக்குறை விளையாடுபவரையும் விட்டுவைக்கவில்லை. ஒருவரிடம் பேச வேண்டுமென்றால், ‘பேசு’ என்னும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, அவர் வடக்கில் நிற்கிறாரா தெற்கில் நிற்கிறாரா என்பதையும் குறிப்பிட வேண்டும். படிக்கட்டில் ஏறுவதற்கும் தனிக் கட்டளை உண்டு. ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியோ இல்லை. அதற்குப் பதிலாக, அரசர் 20 எழுத்துகள் கொண்ட ஒரு மறைச்சொல்லைத் தருவார். அதைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த முறை பிழையில்லாமல் உள்ளிட வேண்டும். ஓர் எழுத்தைத் தவறாக எழுதிவிட்டாலும் பல மணி நேர உழைப்பு வீணாகிவிடும். 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்த மறைச்சொல் 52 எழுத்துகள் வரை நீண்டது!

1999ஆம் ஆண்டில் முதல் இரண்டு பாகங்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, கேம் பாய் கலர் என்னும் கையடக்கக் கருவிக்கு வந்தன. அதில் படிக்கட்டில் கால் வைத்தாலே போதும். எதிரில் நிற்பவரிடம் பேசத் திசையைச் சொல்லத் தேவையில்லை. எழுதிவைக்க மறைச்சொல்லும் இல்லை. பயணத்தின் நடுவே ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பின்னர் தொடரவும் முடியும். 2019இல் நிண்டெண்டோ சுவிட்ச் கருவிக்கு வந்த பதிப்பிலும் இத்தகைய வசதிகள் உண்டு.

இந்த மாற்றங்கள் அனைத்தும் வரவேற்கத்தக்கவை. மறைச்சொல்லைத் தவறாக எழுதியவர் கதையைப் பற்றியோ உத்தியைப் பற்றியோ எதையும் கற்றுக்கொள்வதில்லை. படிக்கட்டுக்குக் கட்டளை கொடுப்பதில் எந்தத் திறனும் வளர்வதில்லை. அவை கருவியின் இயலாமையால் விளையாடுபவர் சுமந்த சுமைகள். சுமந்தவர்கள் அவற்றை அன்போடு நினைவுகூரலாம். ஆனால், தாம் பட்ட பாட்டை அடுத்த தலைமுறையும் பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வேறொரு மாற்றத்தைப் பற்றி முடிவெடுப்பது அவ்வளவு எளிதன்று. முதல் பதிப்பில் கதாநாயகன் வலிமை பெறுவது மிகவும் மெதுவாகவே நடக்கும். சிறிய அரக்கர்களை நூற்றுக்கணக்கில் வென்று, அனுபவப் புள்ளிகளையும் பொற்காசுகளையும் சேர்க்க வேண்டும். கையடக்கப் பதிப்பில் ஒவ்வொரு வெற்றிக்கும் கிடைக்கும் புள்ளிகளும் காசுகளும் கூடுதல். ஆகவே, வளர்ச்சி விரைவாகிறது. “அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்பதை உணர்த்துவதே இவ்விளையாட்டின் சிறப்பு என்று கருதுபவர்கள் இம்மாற்றத்தை விரும்புவதில்லை. அவர்களுடைய கருத்தைப் புறக்கணிக்க முடியாது. எனினும், அடிகளின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறதே தவிர, அடி வைக்க வேண்டிய தேவை நீங்கவில்லை. புதிய பதிப்பிலும் போதிய வலிமையின்றித் தொலைதூரப் பாலத்தைக் கடந்தால் தோல்வி உறுதி. தோற்றவன் அரசரின் முன்னால் கண்விழிக்கிறான். கையிலிருந்த காசில் பாதி போய்விடுகிறது. பெற்ற அனுபவமோ குறைவதில்லை. தோல்வி எதைப் பறிக்கும், எதைப் பறிக்காது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? பள்ளிப் பாடங்களுக்கும் புறப்பாட நடவடிக்கைகளுக்கும் நடுவே சிறிது நேரமே விளையாடக்கூடிய மாணவருக்கு, இந்தப் பாடம் பத்து மணி நேரத்தில் கிடைத்தாலும் அது பாடம்தான்.

ஆனால், ஒரு மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பல இன்னல்களைக் கடந்து, கதாநாயகன் இறுதியில் டிராகன் அரசனைச் சந்திக்கிறான். அவன் உடனே போரிடுவதில்லை. தன் பக்கம் சேர்ந்தால் உலகத்தில் பாதியைத் தருவதாகச் சொல்கிறான். விளையாடுபவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடையளிக்க வேண்டும். முதல் பதிப்பில் ‘ஆம்’ என்று சொன்னால் டிராகன் அரசன் ஒரு மறைச்சொல்லைத் தருவான். பயணம் முடிந்தது என்று அறிவிப்பான். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அந்த மறைச்சொல்லை நம்பி உள்ளிட்டால், சேர்த்த வலிமையும் பொருளும் எதுவுமில்லாமல் கதாநாயகன் முதல் நிலையில் நிற்பான். கொடியவனின் வாக்கை நம்பியதற்குக் கிடைத்த பரிசு அதுதான். தன் தவற்றிலிருந்து மீள, அரசர் முன்பே தந்த பழைய மறைச்சொல்லைப் பத்திரமாக எழுதிவைத்திருக்க வேண்டும்.

கேம் பாய் கலர் பதிப்பில் அதே விடையைத் தந்தால் என்ன ஆகிறது? கதாநாயகன் ஒரு விடுதியில் கண்விழிக்கிறான். நடந்தவையெல்லாம் கெட்ட கனவு. எதையும் இழக்காமல் மீண்டும் புறப்படலாம்.

பார்ப்பதற்கு இது சிறிய சலுகையாகத் தோன்றும். விளையாட்டின் மிக முக்கியமான கேள்வியை இது கேள்வியே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. முதல் பதிப்பில் அந்தக் கேள்வி வந்ததும் விரல் தயங்கும். ‘ஆம் என்றால் என்ன ஆகும்?’ என்ற ஆவலும், ‘எல்லாம் போய்விடுமோ?’ என்ற அச்சமும் ஒரே நேரத்தில் எழும். அந்தத் தயக்கத்தின்போதுதான் விளையாடுபவர் உண்மையிலேயே கதாநாயகனாகிறார். இழப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும்போதுதான் பேராசையை மறுப்பதற்குப் பொருள் இருக்கிறது. கனவு என்று தெரிந்துவிட்டால் ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றே. 

இதற்கு மறுப்புத் தெரிவிப்பவர்களும் உண்டு. “பிள்ளைகள் மகிழ்ச்சிக்காக விளையாடுகிறார்கள். ஒரே ஒரு தவறான விடைக்காக அவர்களின் உழைப்பைப் பறிப்பது கொடுமையல்லவா?” என்று அவர்கள் கேட்கலாம். அக்கறையுள்ள கேள்விதான். ஆனால், இவ்விளையாட்டு யாரையும் மறைந்திருந்து தாக்கவில்லை. கேள்வி தெளிவாகக் கேட்கப்படுகிறது. கேட்பவன் யார் என்பதும் தெரியும். சிந்திப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மேலும், சேமிக்கும் வசதியுள்ள கையடக்கக் கருவியில் தவறு செய்தவர் முன்பு சேமித்த இடத்திலிருந்து தொடர முடியும். அதனால் ஏற்படும் இழப்பு, அன்றைய இழப்பைவிட மிகச் சிறியதாகவே இருந்திருக்கும். அந்தச் சிறிய இழப்பையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஆகவே, பழைய விளையாட்டைப் புதுப்பிப்பவர்கள் ஒவ்வொரு கடினத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். அது விளையாடுபவரைச் சிந்திக்க வைக்கிறதா, வெறுமனே காக்க வைக்கிறதா? காக்க வைப்பது என்றால் நீக்கலாம். சிந்திக்க வைப்பது என்றால், அதன் கூர்மையை வேண்டுமானால் சற்றுக் குறைக்கலாம். அடியோடு எடுத்துவிடக் கூடாது. அன்றைய கருவியின் குறைகளைச் சகித்துக்கொண்டு பிள்ளைகள் இவ்விளையாட்டை நேசித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தக் குறைகள் அல்ல. தாங்கள் எடுக்கும் முடிவுகளை அவ்விளையாட்டு மதித்தது என்பதே காரணம்.

இந்தக் கதையைக் கையடக்கக் கருவியில் இனிச் சந்திக்கப்போகும் இளையர்களுக்கும் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். படிக்கட்டில் ஏற அவர்களுக்குக் கட்டளை தேவையில்லை. மறைச்சொல்லை எழுதிவைக்கக் குறிப்பேடும் தேவையில்லை. ஆனால், “பாதி உலகம் வேண்டுமா?” என்று கேட்டுவிட்டால், அவர்கள் தரும் விடைக்கு ஒரு விலை இருக்கத்தான் வேண்டும்.