அப்பாருவின் டோக்கன் நம்பர்

கோவை மில்களின் கதையை 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையிலிருந்து சொல்வது வழக்கம். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்கள் எழுந்தன. முதலாளிகளின் குடும்ப வரலாறு புத்தகமாகவும் சிலையாகவும் கல்லூரிப் பெயராகவும் நிலைத்துவிட்டது. சங்கு ஊதியதும் உள்ளே போனவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்பத்தை எங்கே போய்த் தேடுவார்கள்?

இங்கிலாந்தின் லங்காஷயரில் இந்தத் திண்டாட்டம் குறைவு. 1841 முதல் வீடுவாரியாகப் பெயர், வயது, தொழில் எழுதிய கணக்கெடுப்பு ஏடுகள் நூறாண்டு கழித்து அங்கே பொதுப் பார்வைக்கு வருகின்றன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 1921-ஆம் ஆண்டு ஏட்டில், ஒருவர் யாரிடம் வேலை செய்தார் என்பதுகூட இருக்கிறது. இங்கேயோ 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கிறது.

ஆகவே கோவையில் மில் தாள்களே கதி. 1952-இல் வந்த பி.எஃப். சட்டத்தின்கீழ் தொழிலாளி நிரப்பிக் கொடுத்த வாரிசு நியமனப் படிவத்தைப் பாருங்கள்: மனைவி, பிள்ளைகள், அவர்களின் வயது, உறவு, ஊர் எல்லாம் ஒரே தாளில். ஒரு மில் குடும்பத்தைப் பற்றி இதைவிட நெருக்கமான ஆவணம் கிடைப்பது அரிது. ஆனால் ஒரே மில்லில் பத்துப் பழனிச்சாமிகள் இருப்பார்கள். இனிஷியலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆளைப் பிரித்துக் காட்டுவது மில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த டோக்கன் நம்பர்தான். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது அதைத்தான். அடுத்து, குலதெய்வம் எந்த ஊரில் என்று கேட்க வேண்டும். மில்லுக்கு வருமுன் குடும்பம் எந்தக் கிராமத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் பலருக்கு இல்லை.

பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். ரீலிங் பிரிவில் வேலை பார்த்த அப்பத்தா ஏன் நின்றுவிட்டார் என்று கேட்டால், குழந்தை பிறந்தது, குடும்பத்தைப் பார்க்க வேண்டியிருந்தது என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை போட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று ஷிப்ட் ஓட்ட நினைத்த நிர்வாகத்துக்குப் பகல் ஷிப்டுக்கு மட்டும் வரக்கூடிய ஆள் வேண்டாதவர் ஆனார். சட்டத்தையும் குடும்ப நினைவையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் அப்பத்தாவின் வாழ்க்கை விளங்கும்.

மில் சொல்லாததைச் சில நேரம் நீதிமன்றம் சொல்லும். சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நால்வர் வழக்கொன்றில் தண்டனை பெற்று 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற அந்தப் பெயர்களைத் தொழிற்சங்கம் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. சாதாரணத் தொழிலாளிக்கு அப்படியொரு நினைவுநாள் கிடையாது. ஆனால் வேலைநீக்க வழக்குகளில் தொழில் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்புகள் அரசிதழில் வெளியாகி வந்தன. அந்தப் பக்கங்களைப் புரட்டினால் யாரோ ஒருவரின் அப்பாரு அங்கே இருக்கக்கூடும். இவற்றைப் பெயர்வாரியாக அட்டவணைப்படுத்தும் வேலையைக் கோவைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் எடுத்துச் செய்யலாம். முதலாளிகள் தொடங்கிய கல்லூரிகளுக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.

மூடிய மில்களின் பதிவேடுகள்தான் உடனடிக் கவலை. தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றன. அவை பொதுத்துறை என்பதால் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அவற்றின் தாள்களுக்குப் பொருந்தும். நினைத்தபடி அழிக்க முடியாது. தனியார் மில்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இடம் வீட்டுமனையாகும்போது வருகைப் பதிவேடும் பணிப்பதிவேடும் எடைக்குப் போனால் கேட்க ஆளில்லை. மில் நிலத்தைப் பயன்பாடு மாற்றி மனை போட அனுமதி கேட்டு வருபவரிடம் அரசு எத்தனையோ சான்றிதழ் கேட்கிறது. தொழிலாளர் பதிவேடுகளை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்ததற்கான ரசீதையும் அவற்றோடு சேர்த்துக் கேட்கட்டும்.