பொறியும் தமிழில் பறக்கும்

"அறிவியலைத் தமிழில் படித்தால் பிள்ளை பிற்காலத்தில் இடர்ப்படுமே, ஆசிரியரே?" பெற்றோர் சிலரின் இக்கேள்வி எனக்குப் புதிதன்று. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது கேட்டேன்; 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் கேட்டேன்.

இம்முறை விடையாக ஒரு டிஸ்ட்ரிபியூட்டரை மேசைமேல் வைத்தேன். பழைய சாகா மகிழுந்தினுடையது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தந்தையின் பட்டறையிலிருந்து கொண்டுவந்தான்.

மின்கலத்தின் 12 வோல்ட், பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும் பொறிக்குப் போதாது. ஆகவே மின்னோட்டம் முதலில் சுருளின் தடித்த கம்பியில் ஓடிக் காந்தப்புலத்தை அமைக்கிறது. ஓட்டம் திடீரென அறுபட்டால் அப்புலம் குலைந்து, பல்லாயிரம் சுற்றுகளுள்ள மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் எழுகிறது. ஓட்டத்தை அறுப்பது எது? முற்காலத்தில், தொட்டு விலகும் உலோக முனைகள். அவை தேயும், கருகும். இடைவெளியை அடிக்கடி சரிசெய்ய வேண்டும். மின்னணு முறையில் தொடுதலே இல்லை. தண்டோடு சுழலும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் உணர்சுருளைக் கடக்கையில் ஒரு சிறு சைகை பிறக்கிறது. அதற்கேற்ப டிரான்சிஸ்டர் ஓட்டத்தை அறுக்கிறது. எழுந்த உயர் மின்னழுத்தத்தை, மூடிக்குள் சுழலும் சுழலி நான்கு பிளக்குகளுக்கும் 1-3-4-2 என்ற வரிசையில் பகிர்கிறது.

தண்டு இயந்திரத்தின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு எத்தனை பொறிகள் என்றேன். பின்வரிசை மாணவி ஒருத்தி, எழுதாமலே, "நூறு, ஐயா" என்றாள். அவளுக்குத் தமிழ் எவ்விடத்தில் தடையாயிற்று?

தடை நம் கற்பித்தலில் இருக்கிறது. பொருளைக் காட்டாமல் கலைச்சொல்லை மனனம் செய்யச் சொல்கிறோம், பிள்ளை விழிக்கிறது, பழி மொழிமேல் விழுகிறது. நான் டிஸ்ட்ரிபியூட்டர் என்றே சொன்னதற்குத் தமிழன்பர்கள் சினக்கலாம். பட்டறையில் வழங்கும் பெயர் அதுதான். இடைநிலைப் பள்ளியில் மலாய்ச் சொற்களையும் பிள்ளைகள் கற்றாக வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் காந்தப்புலம் குலைவதை ஒருமுறை விளங்கிக்கொண்டவனுக்கு அதன் மறுபெயரைக் கற்க ஐந்து நிமிடம் போதும்.

"புதிய மகிழுந்துகளில் இது இல்லையே, ஐயா, அங்கே யார் பகிர்வது?" என்றான் கொண்டுவந்த மாணவன். அவற்றுள் பெரும்பாலானவற்றில் உருளைக்கு ஒரு சுருள். நேரத்தைக் கணினி குறிக்கிறது. அதையும் காட்ட விரும்புகிறேன். பட்டறை நடத்தும் பெற்றோர் பழுதான சுருள் ஒன்றைத் தந்துதவினால் நன்று.