இணையத்தின் அரிச்சுவடி: பெரியவர்களும் கற்க வேண்டிய பாடம்



முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் அன்றாடம் எத்தனையோ குடும்பங்கள் வந்து செல்கின்றன. அங்கே காத்திருக்கும் பெரியவர்களுள் பலரது கையில் இன்று திறன்பேசி உண்டு. ஆனால், அதில் ஒரு குறுஞ்செய்தி வந்தவுடன், "தம்பி, என்ன வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று பக்கத்தில் இருக்கும் முகமறியாத இளைஞரிடம் அதை நீட்டும் தாய்மார்களையும் காண்கிறோம். அவர் நல்லவராக இருந்தால் நன்று. இல்லையெனில், வீட்டுச் சாவியையும் பீரோ சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து அயலாரிடம் கொடுத்ததற்கு அது ஒப்பாகும்.

"இணையம் முழுவதும் ஃபித்னா, நமக்கு எதற்கு அது?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும், ஹஜ் கமிட்டிக்கான விண்ணப்பமும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பமும் இன்று இணையத்தின் வழியாகவே செல்கின்றன. விலகி நிற்பவர் உண்மையில் விலகுவதில்லை. தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கடவுச்சொல்லையும் வேறொருவர் கையில் ஒப்படைக்கிறார், அவ்வளவே. ஆகவே அடிப்படையை அறிந்துகொள்வது ஆடம்பரமன்று. குடும்பத்தின் அமானிதங்களைக் காக்கும் கடமை என்பதே நம் கருத்து.

அந்த அடிப்படைதான் என்ன? இணையம் என்பது வாட்ஸப்பும் யூடியூபும் மட்டுமன்று. உலகெங்கும் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகளின் தொகுப்பே இணையம். அதன் முன்னோடி வலையமைப்பு 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அப்பாதையில் செல்லும் பல வாகனங்களுள் ஒன்றே நாம் பார்க்கும் இணையதளங்களைத் தாங்கிய 'வலை'. அதனை 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது.

எல்லாம் வானத்துச் செயற்கைக்கோளிலிருந்து இறங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். நாடுகளுக்கிடையே செல்லும் செய்திகளுள் மிகப் பெரும்பாலானவை கடலடியில் கிடக்கும் கண்ணாடியிழை வடங்களில்தான் பயணிக்கின்றன. அத்தகைய வடங்கள் கரையேறும் நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. சிங்கப்பூரிலிருக்கும் மகன் அனுப்பும் புகைப்படம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து, கடலைக் கடந்து, நம் கைப்பேசியில் மீண்டும் ஒன்றுகூடுகிறது. வழியில் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியிலும் தங்குகிறது. நாம் அழித்துவிட்ட படம் எல்லா இடங்களிலும் அழிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும், அவர்களை விட முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்தது முகவரி. ஒவ்வோர் இணையதளத்திற்கும் ஒரு பெயர் உண்டு. அரசுத் தளங்களின் பெயர் பொதுவாக 'ஜிஓவி' புள்ளி 'ஐஎன்' என்று முடியும். 'ஹஜ்' என்ற சொல்லும் கஅபாவின் படமும் இருப்பதாலேயே ஒரு தளம் ஹஜ் கமிட்டியுடையதாகிவிடாது. முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுச் சின்னமும் பாதை பாதுகாப்பானது என்பதை மட்டுமே சொல்லும். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்று அது சான்றளிப்பதில்லை.

மறுமுனையில் யார் என்ற இக்கேள்விதான் இணையக் கல்வியின் உயிர்நாடி. இதனை நம் அண்டை மண்ணே முன்னர் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலம் போன்ற ஊர்களில் சாதாரணக் குடும்பத்துப் பெண்களே பயிற்சி பெற்று அவற்றை நடத்தினர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கணினியைத் தொட்டறியாதவரும் அதனால் பயன்பெற்றார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் ஓடித் தப்பினர். சொன்னவரை ஊர் அறிந்திருந்தது. அந்த ஒலிபெருக்கியும் அன்றாடம் கேட்டுப் பழகியது. அதனால்தான் மக்கள் தயங்காமல் ஓடினர் என்று நாம் கருதுகிறோம்.

இன்று நம் குடும்பக் குழுக்களில் வருவனவற்றை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும்" என்கிறது ஒன்று. நூற்பெயரோ அறிவிப்பாளரோ இல்லாமல் 'ஹதீஸ்' என்று வருகிறது மற்றொன்று. எழுதியவர் யார், எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் கலையையே வளர்த்த சமுதாயம் நாம். அந்தப் பழக்கத்தைக் கைப்பேசி கைக்கு வந்தவுடன் கைவிடலாமா?

பண விஷயத்திலும் இதே விதிதான். யுபிஐ இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே உரியது; பணம் பெறுவதற்கு அது தேவையில்லை. "உதவித்தொகை வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவரேனும் சொன்னால், அவர் கொடுக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார். ஒருமுறைக் கடவுச்சொல்லை உறவினர் என்று சொல்லி அழைப்பவரிடமும் கூறலாகாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இதைக் கற்பிக்க ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மஃக்ரிபுக்குப் பின் அரைமணி நேரம் போதும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும். "உங்களுக்குப் புரியாது, கொடுங்கள்" என்று பேசியைப் பிடுங்காமல், அவர்கள் விரலாலேயே அழுத்தச் செய்து, பத்து முறை கேட்டாலும் பொறுமையாகச் சொல்லட்டும். நமக்கு அலிஃபும் அகரமும் கற்பித்தபோது அவர்கள் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! மஹல்லா ஜமாஅத்துகளும் மதரஸா கூடத்தில் மாதம் ஒருநாள் இதற்கென ஒதுக்கலாம்; பெண்களுக்குத் தனி அமர்வும் வேண்டும்.

மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நம் தாய்மார்கள், தமக்கு வந்த செய்தியைத் தாமே படித்து, அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் தாமே அறியும் நாள் வர வேண்டும். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!