அங்கொடை என்னும் அச்சம்

“இவனை அங்கொடைக்கு அனுப்பவேண்டும்” என்பது எமது ஊர்களில் சர்வசாதாரணமாக வழங்கும் ஏளனப் பேச்சு. சிரித்துக்கொண்டே சொல்லும் இச்சொல், உயிர் குடிக்கும் சொல்லாகவும் இருக்கிறது என்பதை எம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

ஒரு கமக்காரரை எண்ணிப்பாருங்கள். வெங்காயம் விலைப்படவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகில் இருக்கிறது. இரவில் உறக்கமில்லை, உயிர் வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் நாளுக்கு நாள் வலுக்கிறது. வைத்தியரிடம் போகிறார், தலையிடி என்று சொல்லி மருந்து வாங்கி வருகிறாரேயன்றி, உள்ளத்தில் உள்ளதைச் சொல்கிறாரில்லை. சொன்னால் பிடித்து அடைத்துவிடுவார்கள், ஊர் அறியும், மகளுக்குப் பேசிய சம்பந்தம் குழம்பும் என்று அஞ்சுகிறார். கற்ற உத்தியோகத்தரின் நிலையும் இதுவே. அவர் தம் பதவி உயர்வை எண்ணி வாய் மூடுகிறார்.

இவ்வச்சம் வெறும் மூடத்தனமன்று. அதற்கு வரலாறு உண்டு. 1873 ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயுற்றோரை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரித்து அடைத்துவைக்க வழிசெய்தது. நோயாளி தாமாகவே விண்ணப்பித்துச் சேரும் வழி 1956 ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே பிறந்தது. 1920களில் எழுந்த அங்கொடை வைத்தியசாலையோ யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 250 மைல் தொலைவில், வேற்றுமொழிச் சூழலில் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவர் குற்றவாளியாக நின்ற நாட்டில், மக்கள் வாய்திறக்க அஞ்சியது வியப்பன்று.

இன்று நிலைமை மாறியுள்ளது. யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. உதவி தேடுவோரிற் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். ஆயினும் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை.

“சாகத் துணிந்தவனைப் பலவந்தமாகவேனும் தடுக்கவேண்டாமா?” என்று சிலர் கேட்பர். வேண்டும், ஆபத்து கண்முன் நிற்கும் வேளைகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பலவந்தம் வந்தவரை மட்டுமே காக்கும். அதற்கு அஞ்சி வராமலே போனவரை எவர் கணக்கெடுப்பது? மதகைப் பூட்டினால் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. வாசலில் அச்சத்தை நிறுத்தினால் உதவி தேடி எவரும் வரார்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. முதலாவது, வைத்தியர்கள் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசவேண்டும். சாக எண்ணினேன் என்று சொல்வது வேறு, அடைக்கப்படுவது வேறு என்பதையும், எந்நிலையில் மட்டுமே மறித்துவைக்க நேரும் என்பதையும் நோயாளிக்கு அவர் தாய்மொழியிலேயே விளக்கவேண்டும். இரண்டாவது, பலவந்தம் கடைசி வழியாகவும், காலவரையறை உள்ளதாகவும், மீளாய்வுக்கு உட்பட்டதாகவும் இருக்கவேண்டும். 2005 ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கொள்கை புதிய சட்டத்தின் தேவையை ஏற்றது. ஏட்டிலுள்ள கொள்கை எவரையும் காக்காது. எமது பிரதிநிதிகள் இதனை இடைவிடாது வற்புறுத்தவேண்டும்.

மூன்றாவது கோரிக்கை எமக்கே உரியது. சிகிச்சை பெற்றவர் வீட்டில் சம்பந்தம் செய்ய மறுப்பவர் நாமே. ஏளனம் செய்பவரும் நாமே. 1995 இல் இந்நாட்டில் இலட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. ஆகவே இச்சாவுகள் விதியல்ல, தடுக்கக்கூடியவை.

இதனை வாசிப்பவரில் எவரேனும் அந்தக் கமக்காரரின் நிலையில் இருந்தால் அவருக்கு நாம் சொல்வது ஒன்றே: நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே மனந்திறந்து சொல்லுங்கள், அல்லது 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உதவி கேட்பது குற்றமன்று. கேட்க அஞ்சும்படி ஒருவரை விட்டுவைப்பதே சமூகத்தின் குற்றம்.