ஒட்டக் கூடாத குதிரை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலைக்கு ஏறிவரும் பொருள்கள் பெரும்பாலும் மூட்டைகளாகவே வரும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நம் பாடற்குழு இளைஞர் இருவர், மழைத்தாளில் சுற்றிய நீண்ட பொருளொன்றைக் கைக்குழந்தையை இறக்குவதுபோல் பேருந்திலிருந்து இறக்கினர். சேலத்தில் பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் 3,000 ரூபாய்க்கு வாங்கிய கிதார் அது. பாடற்குழுவின் கையிருப்பே அப்போது 3,400 ரூபாய்தான். நம்மைக் கேளாமல் வாங்கிவிட்டார்களே என்று சற்றுக் கடிந்துகொண்டோம். உறையைப் பிரித்துப் பார்த்ததும் கோபம் தணிந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அது நம் கோவில்களில் வழக்கமாகக் காணும் கிதார் அன்று. மேற்பலகை தட்டையாக இராமல் வயலினைப் போல் நடுவே மேடிட்டிருந்தது. வட்டத் துளைக்கு மாறாக இரு பக்கமும் 'எஃப்' வடிவில் நீண்ட துளைகள். 'ஆர்ச்டாப்' என்று இதனை அழைப்பர். வளைமுகக் கிதார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்க நாட்டின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர், வயலின் செய்வோர் பலகையைக் குடைந்து வளைவு கொடுப்பதைப் போலவே மாண்டலினுக்கும் கிதாருக்கும் செய்யலாம் என 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முயன்றார். அவர் பெயர் தாங்கிய தொழிலகத்தில் லாயிட் லோர் என்பவர் 1922-இல் 'எஃப்' துளைகளோடு 'எல்-5' என்னும் கிதாரை வடிவமைத்தார். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், ஊதுகருவிகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே கிதாரின் ஒலி கேட்க வேண்டுமே என்ற கவலையே இவ்வடிவம் பரவக் காரணம். நம்மிடம் வந்தது அத்தகைய விலையுயர்ந்த கருவி அன்று. பெயர்ச்சீட்டுக்கூட உரிந்துபோன ஏழை உறவு. வளைவும் துளையும் மட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி நாம் செய்த பிழை. தந்திகள் துருவேறியிருந்தமையால் ஆறனையும் ஒருங்கே கழற்றினோம். கழற்றியதும் குதிரை தானாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. குருமட நாள்களில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் பழுது பார்த்தவர் நாம். அந்தத் துணிவில், இது என்றோ பசைவிட்டுப் போயிருக்கிறது என்று முடிவு செய்து, கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவிக் குதிரையை அழுத்தி ஒட்டி, மேலே இரண்டு பழைய திருவழிபாட்டு நூல்களையும் பாரம் வைத்து உறங்கச் சென்றோம்.

மறுநாள் புதுத் தந்தி பூட்டி, பத்தாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் வாசித்துப் பார்த்தான். திறந்த தந்திகள் ஒழுங்காகவே ஒலித்தன. கை மேலே போகப் போக அவன் முகம் சுருங்கியது. “ஃபாதர், மேல போனா சுருதி விலகுது” என்றான். நமக்கு முதலில் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது.

திருச்சியில் வயலின் செப்பனிடும் குருமட நாளைய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு விளக்கினார்: வளைமுகக் கிதாரின் குதிரையை ஒட்டவே கூடாது. தந்திகளின் அடிமுனையைக் கருவியின் கடைக்கோடியில் உள்ள உலோகத் தகடு பிடித்துக்கொள்கிறது. குதிரையைத் தந்திகளின் அழுத்தம் மட்டுமே நிறுத்துகிறது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. அவ்விழுப்பில் ஒரு பங்குதான் குதிரையைக் கீழ்நோக்கி அமுக்கிப் பலகையை அதிரச் செய்கிறது. குதிரை நிற்க வேண்டிய இடமும் கணக்குப்படி அமைந்தது. தலைப்பக்கத்து மேருவிலிருந்து 12-ஆம் மெட்டுவரை எவ்வளவு தொலைவோ, அங்கிருந்து குதிரைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. தடித்த தந்திகளுக்கு மட்டும் ஒரு மயிரிழை கூடுதல். 12-ஆம் மெட்டின் நேர்மேலே விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால் எழும் மணியோசையும், அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்திப் பார்க்க வேண்டும். நகர்த்துவதற்காகவே ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆகவேதான் தந்திகளையும் ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டுமாம்.

நம் ஊரில் கதவு, சன்னல் செய்யும் ஆசாரியாரிடம் கருவியைக் கொண்டு சென்றோம். அவர் கிதாரைத் தொட்டதே இல்லை. விரல் கணுவால் பலகை முழுவதும் தட்டிப் பார்த்து, “உள்ள ஒரு சட்டம் விட்டிருக்கு சாமி” என்றார். பிறகு குதிரையின் அடியைப் பார்த்து, “இதை யாரு இப்படி ஒட்டினது?” என்று கேட்டார். நாம் மறைக்கவில்லை. பழைய வேலைக்காரர் மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சும் வஜ்ஜிரத்தையே கையாள்வர். சூடும் ஈரமும் காட்டினால் அது பிடியை விட்டுவிடும், பின்னால் வருபவன் பிரித்து வேலை செய்யலாம் என்று அவர் சொன்னார். மெல்லிய கத்தியைச் சுடவைத்துச் சிறிது சிறிதாக நுழைத்து, இரண்டு மாலைகள் பாடுபட்டார். குதிரை வந்தது, அதன் அடிக்கட்டை பிளந்தே வந்தது. மேற்பலகையில் கட்டைவிரல் அகலத்துக்கு மெருகும் உரிந்தது. அந்த வடு இன்றும் இருக்கிறது. ஞாயிறுதோறும் நம் கண்ணில் படுகிறது.

புதிய அடிக்கட்டைக்கு ஈட்டி மரம் வாங்கலாம் என்றோம். ஆசாரியார் தம் வீட்டுப் பரணிலிருந்து நெடுநாள் உலர்ந்த பலாத் துண்டொன்றை எடுத்து வந்தார். தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் பலாதானே! கொல்லிமலையில் மரத்துக்கா பஞ்சம்? வடிவம் செதுக்கியபின் உப்புத்தாளை மேற்பலகையின் வளைவின்மேல் சொரப்பக்கம் மேலாக வைத்து, அதன்மீது கட்டையை முன்னும் பின்னும் தேய்த்தார். இடையில் விளக்கொளி நுழையாதவரை விடவில்லை. விட்டுப்போன உட்சட்டத்தை, துளை வழியே வளைந்த கம்பியால் வஜ்ஜிரம் தடவி, முட்டுக் கொடுத்து நிறுத்தினார். கிதார் பாடியது. ஆனால் ஐப்பசி மழையில் மலை முழுதும் பனிமூட்டம் இறங்கியபோது பலகை ஈரத்தை வாங்கிச் சற்றே உயர்ந்தது. குதிரையின் இரு திருகுகளைச் சிறிது தாழ்த்த வேண்டியிருந்தது.

பழுது தீர்ந்தபின்தான் உண்மையான வழக்கு எழுந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவில் மேளத்துக்கும் நானூறு குரல்களுக்கும் நடுவே கிதார் கேட்காது. மேற்பலகையைச் சதுரமாக வெட்டி மின்னொலி வாங்கியைப் பதிக்கலாம் என்று இளைஞர் ஒருமித்துக் கூறினர். “உலகத்துல மாத்தாதவங்களா, ஃபாதர்?” என்றும் கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயமே. ஜோத்பூரில் 1937-இல் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா, கிப்சன் நிறுவனத்தின் 'சூப்பர் 400' என்னும் வளைமுகக் கிதாரையே மாற்றியமைத்தவர். மேருவை உயர்த்தித் தந்திகளை மெட்டுகளுக்கு எட்டாமல் தூக்கி, சுருதித் தந்தியும் சேர்த்து, மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வழுக்கி வாசித்தார். மெட்டுக்கு மெட்டு தாவும் கருவியில் நம் நாட்டு இராகங்களின் குழைவு முழுதாக வராது, அதற்காகவே அம்மாற்றம். 1967-இல் சிவகுமார் சர்மாவின் சந்தூரோடும் அரிபிரசாத் சௌராசியாவின் குழலோடும் அவர் பதிவு செய்த இசைத்தட்டு இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. ஜெய்ப்பூரின் விசுவ மோகன் பட் இன்னும் மேலே சென்று, 12 பரிவுத் தந்திகளையும் சேர்த்து 'மோகன வீணை' என்றே பெயரிட்டார். ரை கூடரோடு அவர் வாசித்த தொகுப்புக்கு 1994-இல் கிராமி விருது கிடைத்தது.

இவற்றையெல்லாம் அவர்களுக்கு எடுத்துச் சொன்னோம். சொல்லிவிட்டு, வெட்டக் கூடாது என்றோம். காப்ராவுக்கு எந்த ஒலி வேண்டுமென்று தெரிந்திருந்தது. நமக்கு ஒலி உரக்க வேண்டும் என்பது மட்டுமே தெரியும். ஒரு வாரம் யாரும் நம்மோடு சரியாகப் பேசவில்லை. பின்னர்த் திருச்சி நண்பரே வழி காட்டினார்: விரற்காப்புத் தகட்டில் பொருத்தி, பலகையைத் தொடாமல் தந்திகளின் அடியில் மிதக்கும் ஒலிவாங்கி உண்டு. இரண்டு திருகாணிகள் போதும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். விழாவன்று நானூறு குரல்களிடையே கேட்டது. கொஞ்சம் அதிகமாகவே கேட்டது என்பது உபதேசியாரின் கருத்து.

அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் காப்ராவை மறக்கவில்லை. மேருவின்மேல் அணிவித்துத் தந்திகளை உயர்த்தும் சிறு உலோகத் துண்டு ஒன்றை வரவழைத்து, வாகனப் பட்டறையில் கிடைத்த எஃகு உருளையால் மாலைநேரங்களில் வழுக்கி வாசிக்கிறான். வாசித்தபின் துண்டைக் கழற்றி வைத்துவிடுகிறான். பாணர்க்கு வாரி வழங்கியவன் என்று புறநானூறு புகழும் ஓரியின் மலை இது. தேவாரப் பண்களுள் ஒன்றுக்கும் கொல்லி என்றே பெயர். அது இன்று நவரோஜ் இராகத்தில் பாடப்படுகிறது என்று ஒருநாள் சொல்லி வைத்தோம். கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமத்தோடு நின்றுவிடும் இராகம் அது. சென்ற வாரம் அதைத் தேடிக்கொண்டிருந்தவன், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வழுக்கிக்கொண்டே போனான். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆசாரியார் தலை நிமிராமலே, “தம்பி, சாமி சொன்ன எடம் தாண்டிருச்சு, எறங்கு” என்றார்.