கோடாலி இருக்கா, சார்?

அலாஸ்காவில் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்குச் சட்டமே ஒரு மளிகை லிஸ்ட் போட்டு வைத்திருந்தது. ஆளுக்கு ஒரு வாரச் சாப்பாடு, ஒரு கோடாலி, கத்தி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் சாமான், நெருப்புப் பற்றவைக்க ஏதாவது, முகத்துக்குப் போடுகிற கொசுவலை, ஆபத்து என்று சைகை காட்ட இரண்டு சாதனம். அக்டோபர் 15-லிருந்து ஏப்ரல் 1 வரை இதோடு பனியில் புதையாமல் நடக்க அகலச் செருப்பு, தூங்கும் பை, கம்பளி. ஒரு காலத்தில் துப்பாக்கி கூட லிஸ்டில் இருந்தது. இங்கே ஹெல்மெட் போடச் சொன்னாலே நாம் கோர்ட் படி ஏறுகிறோம்.

விமானம் அங்கே பந்தா சமாச்சாரம் இல்லை. பல ஊர்களுக்கு ரோடே கிடையாது. விமானம்தான் மினி பஸ். குளிர்காலத்தில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு, உறைந்துபோன ஏரி மேலேயே இறங்குவார்கள். ராத்திரி தங்க நேர்ந்தால் றெக்கைக்குத் துணி உறை, எஞ்சினுக்குப் போர்வை. றெக்கையில் உப்புத்தாள் மாதிரி மெல்லிசாக உறைபனி படிந்தாலே போதும், காலையில் விமானம் எழும்புவது சந்தேகம். பழைய காலத்து பைலட்டுகள் இறங்கின உடனே எஞ்சின் ஆயிலைச் சூட்டோடு வடித்து, அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றி, விடிந்ததும் திரும்ப ஊற்றுவார்கள். நம்ம ஆச்சிமார் உறைமோருக்குக் கொடுக்கிற மரியாதை!

'பத்தமடையில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் உனக்கு எதுக்குய்யா?' என்கிறீர்கள். மூட்டை கட்டுகிற விஷயம் சார், அதில் திருநெல்வேலிக்காரனுக்குப் பேச உரிமை உண்டு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாபநாசத்துக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள்ளே, ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். (வனத்துறை கெடுபிடியால் இப்போது கொஞ்சம் சுருங்கிவிட்டது.) அண்டா, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தார்ப்பாய், அரிசி மூட்டை, கோரைப்பாய்... தாத்தாவைத் தவிர வீட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை. சில சமயம் தாத்தாவும் லாரியில் இருப்பார்.

ஆனால் அலாஸ்கா பைலட்டுகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. உன் உடம்போடு இருப்பதுதான் உயிர் காக்கிற சாமான். விமானத்தில் இருப்பது வெறும் கூடாரச் சாமான். விழுந்த விமானம் எரியலாம், ஏரிக்குள் முங்கலாம். வெளியே தாவுகிறபோது சட்டைப்பையில் என்ன இருக்கிறதோ, அவ்வளவுதான் சொத்து. அந்தக் கணக்கில் நம்ம அண்டா முதல் ரவுண்டிலேயே அவுட்.

1963 பிப்ரவரியில் ரால்ஃப் ஃப்ளோரஸ் என்பவர் ஓட்டிய விமானம் கனடாவில் ஒரு காட்டில் விழுந்தது. கூட வந்தவர் ஹெலன் க்ளேபன், வயது 21. இருவருக்கும் எலும்பு முறிவு. சில டப்பா மீன், கொஞ்சம் பழம், பிஸ்கட்டுதான் சாப்பாடு. அது தீர்ந்த பிறகு பற்பசையைக் கூட விடவில்லை. அப்புறம் பனியை உருக்கிக் குடித்தே ஓட்டினார்கள். பனியில் மிதித்து மிதித்துப் பெரிசாக எழுதிய எழுத்தை மேலே பறந்த இன்னொரு பைலட் பார்த்தார். 49 நாள் கழித்து மீட்டார்கள். நெருப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால் முதல் வாரத்திலேயே கதை முடிந்திருக்கும்.

பனியில்லாத ஊர் என்று நமக்கு ஒரு தெனாவெட்டு. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போயிருந்தது. சுமார் 800 பயணிகள். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் 19-ம் தேதிவரை ரயிலிலேயே கிடந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கிப் போட்டார்கள். ஹெலிகாப்டர் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது, ஒரு கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு ராத்திரிப் பயணத்துக்கு யார் என்ன எடுத்துப்போவோம்? நாலு இட்லி, மிளகாய்ப்பொடி, பாதி சார்ஜ் உள்ள செல்போன்.

அதே ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் போய், வாசல் வரைக்கும் தண்ணீர். எல்லார் வீட்டிலும் டார்ச் இருந்தது. எங்கே இருக்கிறது என்று தேட இன்னொரு டார்ச் இல்லை. ஏணி இல்லாமல் ஏற முடியாத பரணில் மெழுகுவர்த்தி. ஏணி பின்கட்டில், முழங்கால் தண்ணீரில். பெரியப்பா மட்டும் திண்ணையில் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைப்பை எப்போதும் கர்ப்பமாக இருக்கும். பிரஷர் மாத்திரை, தீப்பெட்டி, விரல் நீள டார்ச், பாலிதீனில் சுற்றின ரேஷன் கார்டு நகல்.

"என்ன பெரியப்பா, பையில கடையே வச்சிருக்கீய?"

"ஏலே, பீரோவுல வச்சா அது பீரோவுக்குத்தாம்ல ஒதவும்!"

அன்றைக்கு இரண்டு வேளை மாத்திரை தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக அந்தத் தண்ணீரில் எந்த ஆட்டோ வரும்?

ஆகவே, மழை சீசனில் ஆபீஸ் போகிற வாலிபர்களே, தோள்பையில் டிபன்பாக்ஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். சின்ன டார்ச், பவர் பாங்க், இறுக்கி மூடின டப்பியில் தீப்பெட்டி, மூன்று நாள் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அவல் கால் கிலோ, கோவில்பட்டி கடலைமிட்டாய், சில்லறையாகப் பணம். நாலு முக்கியமான போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிப் பாலிதீனில் போடுங்கள். செல்போன் செத்தால் சொந்தப் பெண்டாட்டி நம்பரே நமக்கு ஞாபகம் வராது. ஒரு விசில். தொண்டை கட்டின பிறகும் விசில் கத்தும். மொத்தம் இரண்டு கிலோ தாண்டக் கூடாது. தாண்டினால் மூன்றாம் நாள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவீர்கள், அப்புறம் அதுவும் அண்டாதான்.

படுக்க எங்க ஊர்ப் பாயும் கொண்டுபோகலாம். நைஸ் பாய் வேண்டாம். அது பொண்ணு மாப்பிள்ளை பேர் போட்டுக் கல்யாணத்துக்கு வாங்குகிற சரக்கு, வெள்ளத்தில் நனைத்தால் வீட்டில் வேறு வெள்ளம் வரும். கடலைமிட்டாய்தான் பிரச்னை. நான் பை கட்டி வைத்துப் பதினோரு நாள் ஆகிறது. இதுவரை நாலு தடவை மிட்டாய் வாங்கிப் போட்டாயிற்று.